என் பிளாஸ்மாவில் ஒரு மலை

சர்க்கரை நோய்க்கான மாத்திரை மனித ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதற்காக மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், என் சொந்தச் சர்க்கரைக்கு நான் கரையான்சாவடியில் ஒரு தகர டின்னிலிருந்து அள்ளித் தரப்பட்ட பொடியைத் தின்றுகொண்டிருந்தேன். தின்றதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. திருமுல்லைவாயிலுக்கும் பட்டரைவாக்கத்துக்கும் நடுவே காலை ரயிலில் கிடைக்கிற சொற்ப நேரத்தில், ஆங்கில மருந்து உடம்பை எப்படிக் கெடுக்கிறது என்று ரசாயனக் குறியீடுகளோடு பிரசங்கமும் செய்தேன். எம்.எஸ்சி. படித்தவன் சொல்கிறான் என்று கேட்டவர்கள் நம்பினார்கள். எம்.எஸ்சி. படித்தவனும் அதே காரணத்துக்காகத்தான் தன்னை நம்பினான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு பக்கம் லேத் பட்டறையும் மறுபக்கம் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியும் நெருக்க, நடுவில் ஒரு சின்ன பரிசோதனைக் கூடம். முதலாளி கள்ளிக்குப்பத்துப் பழைய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெல் விளைந்த இடத்தில் போர் போட்டு லாரியில் தண்ணீர் விற்றார். அது நல்ல தண்ணீர்தான் என்று யாராவது கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியிருந்ததால் பரிசோதனைக் கூடத்தையும் அவரே ஆரம்பித்தார். அதில் ஏதும் முரண்பாடு இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, தண்ணீர் குடித்தவர்களுக்கும் தோன்றவில்லை. நான் தலைமை கெமிஸ்ட். தண்ணீர், புண்ணாக்கு, விளக்கெண்ணெய் என்று சோதித்துச் சோதித்து, பெரிய விஞ்ஞானி ஒருவன் தொழிற்பேட்டையில் வீணாகிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் முதலாளி பூர்வீக நிலத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டத் திட்டம் போட்டிருந்தார். நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். மண்டபத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம், ஆனால் எச்.பி.எல்.சி. என்கிற, கலவையைப் பிரித்து அளக்கும் மெஷினை வாங்கிப் போட்டால் மருந்துக் கம்பெனிகள் வாசலில் வரிசையில் நிற்கும் என்று பல சாயங்காலங்கள் அவர் காதில் ஓதினேன். கடைசியில் அவர் மண்டபத்தைக் கைவிட்டு மெஷினை வாங்கினார். வந்த அன்றைக்கு அதன் பம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொருத்த வந்த பம்பாய் இன்ஜினியரைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மருந்துக் கம்பெனி எதுவும் வாசலில் நிற்கவில்லை. மெஷின் அறைக்கு மட்டும் ஏ.சி. இருந்ததால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், "மண்டபமே கட்டிருக்கலாம் சார்" என்பார். போய்விடுவார்.

கடைசியில் ஒரு கம்பெனி வந்தது. சர்க்கரை நோய்க்கு அவர்கள் செய்யும் மாத்திரை, சந்தையில் ஏற்கெனவே இருக்கிற பெரிய கம்பெனி மாத்திரை போலவே ரத்தத்தில் சேர்கிறது என்று நிரூபிக்க வேண்டும். கிளிபென்கிளமைடு என்று மருந்தின் பெயர். முதலாளி அதைக் கடைசிவரை கிளிப்பிள்ளை மாத்திரை என்றே சொன்னார். வேலையைத் தருவதற்கு முன்னால் எங்கள் அளக்கும் முறை சரியானதா என்று பார்க்க அவர்களுடைய நிபுணர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அவர் திருப்தியோடு போனால் வேலை எங்களுக்கு. திருப்தியில்லாமல் போனால் மெஷின் வந்த விலைக்கு விற்கப்படும், நான் புண்ணாக்குக்குத் திரும்ப வேண்டும். முதலாளி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மண்டபத்துக்கு வரைந்து வைத்திருந்த பிளானைப் பீரோவிலிருந்து எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

அளக்கும் முறை பெரிய மந்திரமில்லை. ரத்தத்தை எடுத்துக் குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால், ரசம் இறுத்தது போல அடியில் மண்டி தங்கும், மேலே தெளிவு நிற்கும். அந்தத் தெளிவுதான் பிளாஸ்மா. அதில் ஒரு கரைப்பானைச் சேர்த்தால் புரதமெல்லாம் பால் திரிவது மாதிரி திரிந்து ஒதுங்கும். மிச்சத்தில் ஒரு சொட்டை ஊசியால் மெஷினுக்குள் செலுத்த வேண்டும். உள்ளே ஒரு எஃகுக் குழாய் இருக்கிறது. அது செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள அம்பத்தூர் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குக் கஷ்டமில்லை. கும்பலாக வந்து சேர்கிறார்கள். சைக்கிள்காரன் குனிந்து முதலில் போய்விடுகிறான், ஸ்கூட்டர் அடுத்து, மாட்டுவண்டி பிறகு, லாரி கடைசியில். அப்படியே ரத்தத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதனதன் நிமிடத்தில் குழாயைவிட்டு வெளியே வரும். வரும்போது, ஓடுகிற காகிதத்தில் ஒரு பேனா மேலே ஏறி இறங்கி மலை போடும். எந்த நிமிடத்தில் மலை என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரியும். மலை எவ்வளவு உயரம் என்று பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மருந்தே சாப்பிடாத ஆளுடைய பிளாஸ்மாவை முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு பிளாங்க் என்று பெயர். மருந்துக்குரிய நிமிடத்தில் பேனா அசையாமல் நேர்கோடு போட வேண்டும். சும்மா இருக்கிற ரத்தத்திலேயே அங்கே ஒரு மலை எழுந்தால், பிறகு நாங்கள் காட்டுகிற எந்த மலையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ரத்த வங்கியில் கேட்டால் இல்லை என்றார்கள். அதனால் இப்படிப்பட்ட சின்ன இடங்களில் வழக்கம் எதுவோ அதைச் செய்தோம். எங்களுக்குள்ளேயே ஒருவர் கை நீட்டுவது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, போலீஸ் ஸ்டேஷனில் கேட்பது போலக் கேட்டேன். டிரைவர் ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டிருந்தார், தள்ளுபடி. கணக்குப் பிள்ளை தினமும் வாயு மாத்திரை, தள்ளுபடி. எனக்கு உதவியாக இருந்த பெண், ஆவடி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவள், தலைவலிக்கு ஒரே ஒரு மாத்திரை விழுங்கியதாக ஒப்புக்கொண்டாள். மருந்து வேலை செய்கிறவர்களுக்கு உடம்பு சுத்தம் எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குச் சிறியதாக ஒரு உரை நிகழ்த்தினேன். முதலாளியை நான் கேட்கவே இல்லை. பீடி, மூக்குப்பொடி, சாயங்காலம் பிராந்தி, ஞாயிற்றுக்கிழமை என்றில்லாமல் எல்லாக் கிழமையும் பிரியாணி. அவர் ரத்தத்தைச் சுழற்றினால் தெளிவே நிற்காது என்பது என் அபிப்பிராயம்.

மிஞ்சியது நான் ஒருவன்.

எனக்குச் சர்க்கரை இருப்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது. முந்தின வருஷம் சி.டி.எச். ரோட்டில் ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தது இதே கிளிபென்கிளமைடுதான். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, சட்டையோடு துவைக்கப் போட்டேன். மாத்திரை என்றால் வாழ்நாள் முழுக்க என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ரயில் சிநேகிதர் ஒருவர் கரையான்சாவடி வைத்தியரைச் சொன்னார். நாவல் கொட்டை, வேப்பங்கொழுந்து, வெந்தயம், சிறுகுறிஞ்சான் என்று எல்லாம் கசக்கிற சரக்கு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன். ஒவ்வொரு முறை பொடி வாங்கும்போதும் வைத்தியர் கூடவே காகிதத்தில் மடித்துக் கொஞ்சம் பனங்கற்கண்டு இனாமாகத் தருவார். திடீரென்று படபடவென்று வந்தால் பித்தம் கிளம்புகிறது என்று அர்த்தம், உடனே கற்கண்டை வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்பார். சர்க்கரை நோய்க்கு மருந்து கொடுக்கிறவர் கையோடு கற்கண்டும் ஏன் கொடுக்கிறார் என்று ஒரு கெமிஸ்டுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அவருடைய பெருந்தன்மைதான் தோன்றியது.

பொடி வேலை செய்தது. அப்படியொரு வேலை. சர்க்கரை மளமளவென்று இறங்கியது. பசி எடுத்தது, உடம்பு பூசினாற்போல ஆனது. தினமும் காலை பதினோரு மணி வாக்கில் மட்டும் கை நடுங்கி, நெற்றி வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரும். தேநீர்க் கடைக்கு ஓடி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டால் சரியாகிவிடும். உள்ளே இருந்த கெட்டதெல்லாம் வேர்வையாக வெளியேறுகிறது என்று வைத்தியர் விளக்கினார். நானும் அதையே ரயிலில் விளக்கினேன். வீட்டில் என் மனைவி, பொடிக்குப் பத்தியம் என்று வைத்தியர் சொன்னபடி, வருஷம் முழுவதும் பாகற்காயும் கோதுமைக் கஞ்சியுமாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். எனக்காக அவளும் அதையே சாப்பிட்டாள். நான் அவளிடமும் குறியீடுகளோடு பேசியிருந்தேன்.

ஆக, பிளாங்க் கொடுக்க நான் அமர்ந்தபோது என் மனசாட்சி தெளிவாக இருந்தது. சர்க்கரை அந்த நிமிடத்தில் மலை போடாது, அது எனக்குத் தெரியும். பொடி உணவு. அலுமினியத் தாளிலிருந்து பிதுக்கி எடுப்பதுதான் மருந்து. எதிர் கிளினிக்கிலிருந்து நர்ஸ் வந்து காலை பத்து மணிக்கு ரத்தம் எடுத்தாள். பொடி தின்று மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்த மாத்திரை ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிற நேரமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அது மாத்திரை சாப்பிடுகிறவர்களுடைய விஷயம் அல்லவா.

பேனா ஓடியது. கொஞ்ச நேரம் சின்னச் சின்ன மேடுகள். பிறகு நேர்கோடு. பிறகு சரியாக மருந்துக்குரிய நிமிடத்தில், யாரோ உள்ளேயிருந்து தள்ளுவது போல, பேனா எழுந்து ஒரு அழகான மலையைப் போட்டுவிட்டு இறங்கியது.

அந்த வாரம் நான் கழுவாத பொருள் அந்தக் கூடத்தில் இல்லை. கண்ணாடிக் குழாய்களை அமிலத்தில் ஊறப்போட்டேன். ஊசியைக் கழுவினேன். எஃகுக் குழாயை ஒரு நாள் முழுக்கக் கழுவி, அடுத்த நாள் தலைகீழாகப் பொருத்திக் கழுவினேன். வாளிக் கம்பெனிப் புகைமேல் சந்தேகப்பட்டு ஜன்னலை அடைத்தேன். லேத் பட்டறை அதிர்வில் பேனா துள்ளுகிறது என்று அங்கே போய்ச் சண்டை போட்டேன். அந்தப் பெண் முகப் பவுடர் போட்டு வரக்கூடாது, மல்லிகைப்பூ வைக்கக்கூடாது என்று தடை விதித்தேன். முதலாளியின் ஊதுபத்தியையும் தடுத்தேன். அவர் ஊதுபத்திக்குப் பதிலாக வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்தார். தண்ணீரைச் செலுத்தினால் நேர்கோடு. கரைப்பானைச் செலுத்தினால் நேர்கோடு. என் பிளாஸ்மாவைச் செலுத்தினால் மலை.

இதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு வேறு ஒரு அர்த்தம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், காலி மெஷின் அறையில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது உடம்பு சிலிர்த்தது. சர்க்கரை மாத்திரையைப் போலவே இருக்கும் ஒரு பொருளை மனித உடம்பு தானாகவே சுரக்கிறது. உலகத்தில் யாரும் இதுவரை பார்க்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் பார்த்துவிட்டேன். பொடியால் அது தூண்டப்பட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. திங்கட்கிழமை வருகிற நிபுணர் போனால் போகட்டும். விஞ்ஞானிகளுக்குப் பெரிய பரிசு தருகிற சுவீடன் மாதிரி தேசங்களில் டிசம்பரில் குளிர் அதிகமாக இருக்கும், கோட்டு தைக்க எத்தனை மீட்டர் துணி பிடிக்கும் என்பது வரை வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அந்தப் பெண்ணிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை. அப்படியென்றால் இன்னொருவர் ரத்தத்திலும் அது இருக்க வேண்டுமே சார், ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள். நியாயமான கேள்வி. எந்தப் பெரிய கண்டுபிடிப்பையும் இரண்டாவது ஆளிடம் சரிபார்ப்பது வழக்கம்தான். டிரைவரும் கணக்குப் பிள்ளையும் அன்றைக்கு லீவு. கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"என் ரத்தத்த எடு சார். மெஷினே என்துதான், ரத்தம் இன்னா."

அவரிடம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். நேற்று ராத்திரி பாயா, அதற்கு முன்னால் கொஞ்சம் பிராந்தி, காலையில் டீயும் பீடியும் என்றார். மாத்திரை எதுவும் வழக்கமில்லை, சின்ன வயசிலிருந்தே தொண்டையில் இறங்காது என்றார். என் கண்டுபிடிப்புக்காகச் சகித்துக்கொண்டேன்.

அவருடைய பிளாஸ்மாவைச் செலுத்திவிட்டு மூன்று பேரும் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆரம்பத்தில் டீக்கு உரிய மேடு ஒன்று வந்தது. பிறகு கோடு இறங்கியது. அந்த நிமிடம் வந்தது. பேனா அசையவில்லை. புதிதாகத் தார் போட்ட ரோடு மாதிரி நேராக ஓடிக்கொண்டே போனது.

முதலாளிக்கு முகம் தொங்கிப்போனது. "இன்னா சார், உங்களுக்கு அம்மாம் பெரிய மலை கீது. எனக்கு ஒண்ணியுமே காணோம். ரத்தம் வீக்காயிடுச்சா?"

காகிதத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சார், தப்பா எடுத்துக்கப்படாது. உங்களுக்கு சுகர் இருக்கா?"

இருக்கிறது என்றேன், ஆனால் மாத்திரை தொடுவதில்லை என்றும் உடனே சேர்த்துக்கொண்டேன்.

"இல்ல சார், எங்க அப்பாவுக்கு சுகர் உண்டு. இந்த மாத்திரைதான் போடுதாங்க. டிபன் சாப்பிட லேட்டாச்சுன்னா, சுகர் ரொம்ப எறங்கி, உங்களுக்குப் பதினோரு மணிக்கு வேர்க்குமே, அப்படியே வேர்க்கும். அவங்களும் ஒரு பன்னு தின்னா சரியாயிரும். மாத்திரை போடலைன்னா நீங்க வேற என்ன சார் சாப்பிடுதீங்க?"

அவள் அப்பா திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் ஃபோர்மேன். நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் வேர்வையைப் பங்கு போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. பையைத் திறந்து, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த பொடி பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். இது வெறும் மூலிகை என்றேன். அவள் ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்து, வடிகட்டி, ஊசியில் ஏற்றினாள். எனக்கு உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தேன்.

பேனா அந்த நிமிடம் வரை சாதுவாக வந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. காகிதத்தின் நடுவைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது, ஓரத்தில் போய் முட்டி, அதற்குமேல் போக இடமில்லாமல் டக் டக் என்று அடித்துக்கொண்டே நின்றது. மருந்துக் கம்பெனி தந்த சுத்தமான சரக்குக்குக்கூட அது அவ்வளவு உயரம் ஏறியதில்லை.

முதலாளி கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"அப்ப இத்தினி நாளா சார் துன்னுகினு இருந்தது, நம்மள அளக்கச் சொல்லி வந்த கிளிப்பிள்ளையத்தானா?"

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது. நான் சுவீடனிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து பஸ் பிடித்துக் கரையான்சாவடிக்குப் போனேன். மெயின் ரோட்டில் சைக்கிள் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே வைத்தியர் வழக்கம்போல டெரிலின் சட்டையும் பையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். மலை போட்ட காகிதத்தை அவர் முன்னால் விரித்தேன். நீதிமன்றத்தில் தடயத்தை வைக்கிறவன் மாதிரி விரித்ததாக ஞாபகம். உங்கள் பொடியை மெஷினில் போட்டேன், மாத்திரை கலந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது என்றேன். அவர் ஓடுவார், மறுப்பார், காலில் விழுவார் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"இது எந்த வாரத்து சரக்கு நைனா? கம்மியா கீதா, ஜாஸ்தியா கீதா?"

ஜாஸ்தி என்றேன்.

"அதான் பாத்தேன். ஊட்ல ஆட்டுக்கல்லுலதான் ஆட்றேன். ஒரு வாரம் ஒறைக்குது, ஒரு வாரம் ஒறைக்க மாட்டேங்குது. ஒரே சீரா கலக்க வர மாட்டேங்குது."

பேசப் பேசத் தெரிந்தது, அவர் இருபது வருஷம் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். மாத்திரை வாங்க வருகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்குவதையும், பாதியில் நிறுத்திவிடுவதையும் பார்த்துப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாம். மாத்திரை என்றால் பயப்படுகிறார்கள், பொடி என்றால் பக்தியோடு சாப்பிடுகிறார்கள். யாராவது மயங்கி விழுந்து செத்துவைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்குத்தானே சார் கற்கண்டு என்றார். உண்மையிலேயே புண்பட்ட குரலில் சொன்னார். போலீசில் சொல்வேன் என்றேன். அதற்கு அவர் குரலைத் தாழ்த்தி, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போலீசு கெடக்குது. உங்கிட்ட நல்ல மிஷினு கீது. வாரா வாரம் ஒரு பொட்டலம் குடுத்தனுப்பறேன், எவ்ளோ கீதுன்னு பாத்து சொல்லிடு. உனுக்கு ஆயுசுக்கும் பொடி ஃப்ரீ."

எங்கள் மெஷினுக்கு வாசலில் வந்து நின்ற இரண்டாவது கம்பெனி அது. நான் நிஜமாகவே புகார் எழுதிப் போட்டேன். யாராவது வந்தார்களா, அல்லது அவரே காற்று திரும்புவதைப் பார்த்துக் கிளம்பிவிட்டாரா, தெரியாது. அடுத்த முறை அந்த வழியே போனபோது அந்த இடத்தில் வீடியோ கேசட் கடை இருந்தது. ரயிலில், என் பிரசங்கத்தைக் கேட்டுப் பொடி தின்றுகொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை. ஏதோ மாத்திரைக் கம்பெனி என்னை விலைக்கு வாங்கிவிட்டதாகச் சொல்லிக் கம்பார்ட்மென்ட் மாறி உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை நிபுணர் வந்தார். பம்பாய்க்காரர், சிரிக்காத மனிதர். சந்தனப் பொட்டோடு நின்ற மெஷினை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னபோது மறுபடியும் ஒரு பார்வை பார்த்தார். முதலாளி அன்றைக்கு வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வந்து, மூலையில் கைகட்டி நின்றார். மண்டபத்துப் பிளான் அவர் கக்கத்தில் இருந்தது. அந்தப் பெண் முதலாளியின் பிளாஸ்மாவை எடுத்து ஊசியில் ஏற்றினாள். நான் பேனாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக பிரியாணியையும் பிராந்தியையும் நம்பி என் வேலை நின்றது.

நேர்கோடு. மறுபடி செலுத்தச் சொன்னார். மறுபடி நேர்கோடு. மருந்தைக் கலந்து செலுத்தச் சொன்னார். சரியான நிமிடத்தில், சரியான உயரத்தில் மலை. பாதி மருந்துக்குப் பாதி உயரம். சாயங்காலம்வரை எங்களை வேலை வாங்கிவிட்டு, கடைசியில் நேர்கோட்டுக் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். இவ்வளவு சுத்தமான பிளாங்க்கைத் தான் பெரிய கூடங்களில்கூடப் பார்த்ததில்லை, ரத்தம் கொடுத்தவர் ரொம்பவும் ஒழுக்கமான பழக்கவழக்கங்கள் உள்ளவராக இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் முதலாளியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு, திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். அன்று சாயங்காலம் டீக்கடையில் அவரே அதை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் பீடி.

வேலை எங்களுக்குக் கிடைத்தது. பிளான் பீரோவுக்குத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு பல வருஷங்கள் எங்கள் கூடத்தின் பிளாங்க் பிளாஸ்மா முழுவதும் முதலாளியுடையதுதான். கை நீட்டும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். நான் சி.டி.எச். ரோட்டு டாக்டரிடம் திரும்பிப் போய், புதிதாக ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். முந்தின சீட்டு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். துவைத்துவிட்டேன் என்றேன்.

வீட்டில் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. திங்கட்கிழமை ராத்திரி, பாகற்காய்க் கூட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு, என் மனைவியிடம் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொன்னேன். பொடியில் என்ன இருந்தது, மலை எப்படி எழுந்தது, முதலாளி ரத்தம் எப்படி நேர்கோடு போட்டது, நிபுணர் அதை எப்படிப் பாராட்டினார் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. சுவீடனை மட்டும் விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது உயிர் தப்பியதற்குக் கொஞ்சம் கண்கலங்குவாள் என்று. அவள் கரண்டியைக் கூட்டிலேயே வைத்துவிட்டுச் சற்று யோசித்தாள்.

"உங்க முதலாளி தினமும் என்னென்ன சாப்பிடறாருன்னு நாளைக்கு விவரமாக் கேட்டுக்கிட்டு வாங்க. இனிமே நம்ம வீட்டுல அதையே சமைச்சுடறேன்."